மவுஸ் சக்கரத்தை ஒரு பல் உருட்டினால் பக்கமே ஓடிவிடுகிறது. அப்பாவால் படிக்க முடியவில்லை

மலையடிவாரம்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவுக்கு 71 வயது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ரிங் ஃபிரேம் பிரிவில் 34 வருடம் ஃபிட்டராக இருந்தவர். அந்த இரைச்சலிலேயே காது போய்விட்டது. பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பதுதான் பிடிபடவில்லை என்பார். முக்கியமாகப் பேரன் பேசினால் ஒன்றும் புரியவில்லை. போன மாதம் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இரண்டு காதுக்கும் மெஷின் வைக்கச் சொன்னார்கள். இரண்டு மாடல் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, நெட்டில் பார்த்து முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்றார்கள்.

அப்பா எதையும் தானே படித்துப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். என் பழைய லேப்டாப் 4 வருடமாக அவரிடம்தான் இருக்கிறது. காலையில் செய்தித்தாள் படிப்பது அதில்தான். அவர் படிக்கிற விதத்தைச் சொன்னால்தான் என் கேள்வி புரியும். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்வார். இடது கை ஆள்காட்டி விரல் திரையில் வரிக்கு அடியில் இருக்கும். வலது கை மவுஸ் சக்கரத்தை ஒவ்வொரு சொடுக்காக உருட்டும். அந்தச் சொடுக்கை அவர் 'பல்' என்பார், மில்லில் பற்சக்கரத்தோடு வாழ்ந்தவர் இல்லையா. ஒரு பல் உருட்டினால் மூன்று வரி மேலே போகும். விரலை எடுத்து மறுபடி வைப்பார். மூன்று வரி நகர்த்துவார், படிப்பார், திரும்ப மூன்று வரி. நாலு வருடமாக அதே தாளம்தான்.

அந்த மெஷின் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து ஒரு பல் உருட்டினார். திரை முழுவதும் சர்ரென்று மேலே போய், கறுப்புப் பின்னணியில் ஒரு காது வந்து சுழன்றது. அது சுழன்று நின்ற பிறகு எழுத்து மெல்ல மெல்லத் தெளிந்தது. விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்து, அடுத்த வரிக்காக இன்னொரு பல் உருட்டினார். காதும் போனது, எழுத்தும் போனது. கடற்கரையில் ஒரு தாத்தா சிரித்துக்கொண்டே நடக்கிற படம் வந்தது. பின்னால் உருட்டினால் அந்தக் காது எதிர்ப்பக்கமாகச் சுழன்று திரும்பி வந்தது, எழுத்து மறுபடி தெளிகிற வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்பாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். பேட்டரி மாற்றுகிற வகையா, சார்ஜ் போடுகிற வகையா? மாற்றுவதென்றால் என்ன அளவு? எங்கள் ஊர் மருந்துக் கடையில் கிடைப்பதைத்தானே வாங்க முடியும்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டச்பேடில் இன்னும் மோசம். ஒரு தள்ளு தள்ளினால் இரண்டு படம் தாண்டிப் போனது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அசையவில்லை, பேஜ் டவுனுக்கும் அசையவில்லை. வலது ஓரத்தில் ஸ்க்ரோல் பட்டையே இல்லாததால் எவ்வளவு வந்திருக்கிறோம், இன்னும் எவ்வளவு பாக்கி என்றும் தெரியவில்லை. கன்ட்ரோல் எஃப் போட்டு பேட்டரி என்று தேடினேன். மூன்று இடத்தில் இருப்பதாகக் காட்டியது. என்டர் தட்டியதும் ஒரு படத்தின் கீழ்ப்பாதியும் அடுத்த படத்தின் மேல்பாதியும் ஒட்டிக்கொண்டு பக்கம் நடுவில் நின்றுவிட்டது. திரும்ப முதலிலிருந்து வந்தோம். பேட்டரி என்று ஒரு தலைப்பு கண்ணில் பட்டது. அதன் கீழே இரண்டு வரி. மூன்றாவது வரி திரையின் அடி ஓரத்தில் பாதி எழுத்தாக வெட்டுப்பட்டு நின்றது. ஒரு பல் உருட்டினால் அந்த வரி மேலே வர வேண்டும் அல்லவா? வரவில்லை, அடுத்த படம்தான் வந்தது. எத்தனை தடவை முயற்சி செய்தாலும் அதே கதைதான்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அப்பா, "எனக்குத்தான் ஓட்டத் தெரியல போலம்மா, நீயே பாத்துச் சொல்லு" என்று எழுந்து போய்விட்டார். ஸ்பிண்டில் மேல் கையை வைத்தே அதில் என்ன கோளாறு என்று சொல்லக்கூடிய மனுஷன் அவர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் ராத்திரி 11 மணிக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

காது மெஷின் வாங்க வருகிறவர்களில் வயதானவர்கள் எத்தனை பேர் என்று அந்தக் கம்பெனிக்குத் தெரியாதா? இதை நம் பக்கத்தில் நிறுத்த ஏதாவது வழி இருக்கிறதா? எதற்காக இப்படிச் செய்கிறார்கள்? எல்லாவற்றுக்கும் மேலே, அந்த மூன்றாவது வரியை எப்படிப் படிப்பது?

முகப்புக்காரன்:

அக்கா, அப்பா மேல் ஒரு தப்பும் இல்லை, அதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். நான் 11 வருடமாக இணையப் பக்கங்கள் கட்டுகிற வேலையில் இருக்கிறேன். இதே மாதிரிப் பக்கம் இரண்டு நானும் கட்டியிருக்கிறேன். அதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

நடப்பது இதுதான். சக்கரம் ஒரு சொடுக்கு உருண்டால் விண்டோஸ் அதை உலாவிக்குச் சொல்லும், உலாவி பக்கத்தை நகர்த்தும். அப்பா சொல்கிற மூன்று வரி விண்டோஸிலேயே வைத்திருக்கிற அளவு, மவுஸ் அமைப்புகளில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் நகர்த்துவதற்கு முன்பு, இப்படி ஒரு உருட்டல் வந்திருக்கிறது என்று உலாவி அந்தப் பக்கத்துக்கும் தெரிவிக்கும். வரைபடம் காட்டுகிற தளத்தில் சக்கரத்தை உருட்டினால் வரைபடம் பெரிதாக வேண்டும், அந்த மாதிரி தேவைக்காக வைத்த வசதி அது. 'பிரிவென்ட் டிஃபால்ட்' என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும், உலாவி கையைக் கட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு பக்கம் எவ்வளவு நகர வேண்டும், எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்பதெல்லாம் எங்களைப் போன்றவர்கள் எழுதிவைத்தபடிதான். பெரும்பாலும் முக்கால் நொடியிலிருந்து ஒரு நொடி வைப்போம். அந்த நேரத்துக்குள் நீங்கள் என்ன உருட்டினாலும் கணக்கில் வராது.

டச்பேடில் இரண்டு தாண்டுவதற்கும் காரணம் இருக்கிறது. விரலை எடுத்த பிறகும் அந்த வேகம் குறையும் வரை உருட்டல் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். முதல் அசைவு முடிந்த பிறகும் மிச்சம் வந்தால், நீங்கள் இரண்டாவது தடவை தள்ளியதாகப் பக்கம் எடுத்துக்கொள்கிறது.

உலாவிகள் இதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2019-ல் வந்த குரோம் 73, பக்கம் முழுமைக்குமாகச் சக்கரத்தைக் கேட்கிற நிரல் உருட்டலைத் தடுத்தால் அதைப் பொருட்படுத்தாது. ஆனால் அது ஸ்க்ரோல் வேகத்துக்காகச் செய்த மாற்றம். எனக்குத் தடுக்கத்தான் வேண்டும் என்று நிரலில் வெளிப்படையாக எழுதிவிட்டால் இன்றைக்கும் தடுக்கலாம். அதைத்தான் எழுதுகிறார்கள்.

இன்னொன்று. சாதாரண ஸ்க்ரோல் உலாவிக்குள் தனித் தடத்தில் நடக்கிறது, பக்கத்தின் நிரல் திணறினாலும் அது பெரும்பாலும் தடைப்படாது. பக்கமே நகர்த்த ஆரம்பித்தால் எல்லாச் சுமையும் ஒரே தடத்தில் விழும். பழைய லேப்டாப்பில் விக்கி விக்கித்தான் நகரும்.

எதற்காகச் செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். கம்பெனிக்கு வடிவமைப்பைக் காட்டுகிற கூட்டம் என்றால் புது லேப்டாப், சுவர் அளவு திரை, உருட்டுகிற கை எங்களுடையது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். காது சுழலும், எழுத்து தெளியும், எல்லோரும் கை தட்டுவார்கள். அந்த அறையில் ஒருவர்கூட அந்த எழுத்தைப் படித்திருக்க மாட்டார். ஒரு தகவலைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கத்துக்கு வந்தவர் அங்கே யாரும் கிடையாது. அங்கே ஒப்புதல் வாங்கிவிட்டால் பக்கம் அப்படியே வெளியே வந்துவிடும்.

அந்த மூன்றாவது வரிக்கு வருகிறேன். அப்பா எழுத்தை எத்தனை சதவீதம் பெரிதாக்கி வைத்திருக்கிறார்? அது தெரிந்தால் காரணத்தைச் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

மலையடிவாரம்:

150 சதவீதம், தம்பி. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்ததிலிருந்து அதுதான்.

முகப்புக்காரன்:

அதேதான். ஒவ்வொரு படத்துக்கும் உயரம் திரையின் உயரமே என்று கட்டியிருப்பார்கள், மிஞ்சுவதை மறைத்துவிடு என்றும் எழுதியிருப்பார்கள். 100 சதவீதத்தில் எல்லா வரியும் அதற்குள் அடங்கும். 150-ல் எழுத்து பெரிதாகி, கடைசி வரிகள் திரைக்குக் கீழே போய்விடும். சாதாரணப் பக்கமாக இருந்தால் உருட்டினால் மேலே வரும். இங்கே உருட்டினால் அடுத்த படம்தான். அதாவது அந்த வரி பக்கத்தில் இருக்கிறது, ஆனால் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிற யாருக்கும் அது எட்டாது.

இப்போது இப்படிச் செய்யுங்கள். பக்கத்தைத் திறந்து, எதையும் உருட்டாமல் கன்ட்ரோல் ஏ, பிறகு கன்ட்ரோல் சி. நோட்பேடைத் திறந்து கன்ட்ரோல் வி. கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிற எழுத்தும் அநேகமாக வந்துவிடும், ஏனென்றால் அதன் நிறத்தைத்தான் மங்க வைத்திருக்கிறார்கள், எழுத்து அங்கேயேதான் இருக்கிறது. எழுத்தளவை அப்பாவுக்குப் பிடித்த மாதிரி வைத்துக்கொடுங்கள். ஒரு பல்லுக்கு மூன்று வரி என்ற கணக்கும் திரும்பக் கிடைக்கும்.

ஃபயர்ஃபாக்ஸில் எஃப்9 தட்டினால் வாசிப்புப் பார்வை வரும், செய்தித் தளங்களுக்கு அருமையான வசதி. ஆனால் இந்த மாதிரி விளம்பரப் பக்கங்களில் பெரும்பாலும் அந்தப் பொத்தானே தோன்றாது. தளத்துக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்டை, அதாவது பக்கத்துக்குள் ஓடுகிற நிரலை, நிறுத்திப் பார்க்கலாம், முகவரிக்கு இடப்பக்கம் இருக்கிற குறியைத் தட்டினால் தள அமைப்புகள் வரும். நிறுத்தினால் சில பக்கங்கள் ஒழுங்காக வரும், சில பக்கங்கள் வெறுமையாக நிற்கும். எழுத்தைத் தெளிய வைப்பதே அந்த நிரல்தான் என்றால் வெறுமைதான் மிஞ்சும்.

மேகமூட்டம்:

நான் கணினித் துறை ஆள் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு உள்காது நரம்பில் அழற்சி வந்து, ஒரு வாரம் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தேன். அது சரியாகிவிட்டது. ஆனால் கண் முன்னால் எதிர்பாராமல் ஏதாவது நகர்ந்தால் இன்றைக்கும் உடம்பு ஆடும். பெரிய கடைகளில் இரண்டு பக்கமும் அலமாரி அடுக்கிய நீள நடையில் என்னால் நடக்க முடியாது, தள்ளுவண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடிதான் போவேன். கண் நகர்கிறாய் என்கிறது, காது நிற்கிறாய் என்கிறது, மூளை எதை நம்பும் என்று மருத்துவர் விளக்கினார்.

மலையடிவாரம் சொல்கிற பக்கங்கள் எனக்கு நேரடியாகக் குமட்டல். வித்தியாசத்தைச் சொல்கிறேன். நானே உருட்டி, உருட்டிய அளவுக்குப் பக்கம் நகர்ந்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை, அது என் கை செய்தது என்று உடம்புக்குத் தெரிகிறது. ஒரு சொடுக்குக்குத் திரையே புரண்டாலோ, பின்னணி ஒரு வேகத்திலும் எழுத்து ஒரு வேகத்திலும் போனாலோ, ஓடுகிற பேருந்து சட்டென்று பிரேக் போட்ட மாதிரி வயிறு முன்னால் போகும். ஒரு தடவை காப்பீட்டுப் படிவம் ஒன்றை இப்படிப்பட்ட தளத்தில் தேடிவிட்டு, அன்று சாயங்காலம் முழுவதும் இருட்டறையில் படுத்திருந்தேன். என் அனுபவத்தில் நல்லது செய்த ஒன்று, ஃபோனிலும் கணினியிலும் அசைவைக் குறைக்கிற அமைப்பைப் போட்டதுதான். ஐஃபோனில் அணுகல்தன்மை, அதில் அசைவு என்று போனால் இருக்கிறது. விண்டோஸ் 11-ல் அணுகல்தன்மைக்குள் காட்சி விளைவுகளில் அனிமேஷனை நிறுத்தலாம். சில தளங்கள் அதற்குப் பிறகு அமைதியாகிவிட்டன. சில தளங்கள் கண்டுகொள்வதே இல்லை. ஏன் அப்படி என்று முகப்புக்காரன் சொல்ல முடியுமா?

உங்கள் அப்பாவுக்கும் காதில்தானே கோளாறு. கேட்கிற உறுப்பும் நிலை தடுமாறாமல் பார்த்துக்கொள்கிற உறுப்பும் ஒரே இடத்தில், அடுத்தடுத்து இருப்பவை. காது கேட்காத எல்லோருக்கும் தலைசுற்றல் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர்களில் என்னைப் போன்றவர்களும் இருப்பார்கள் என்பது அவர்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குக் கோபமே அதில்தான்.

முகப்புக்காரன்:

நீங்கள் அந்த அமைப்பைப் போட்டதும் உலாவி எல்லாப் பக்கத்துக்கும், இவருக்கு அசைவு வேண்டாம் என்று ஒரு குறிப்புக் கொடுக்கிறது. 2013-ல் ஐஓஎஸ் 7 வந்தபோது திரை பெரிதாகிச் சுருங்குகிற அசைவால் குமட்டுகிறது என்று நிறையப் பேர் புகார் சொன்னார்கள், அப்போதிலிருந்தே ஃபோனில் இதைக் குறைக்க முடியும். அந்தக் குறிப்பை இணையப் பக்கம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி சஃபாரியில் 2017-லும் ஃபயர்ஃபாக்ஸில் 2018-லும் குரோமில் 2019-லும் வந்தது. கேட்டு நடப்பதும் நடக்காததும் பக்கத்தைக் கட்டுகிறவர் கையில் இருக்கிறது. நாலு வரி எழுதினால் போதும். நான் கட்டிய அந்த இரண்டு பக்கத்திலும் எழுதவில்லை. யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உங்கள் பதிலைப் படித்த பிறகு பழைய வாடிக்கையாளர் ஒருவருக்கு இன்று காலை எழுதியிருக்கிறேன், காசு வேண்டாம், சரி செய்து தருகிறேன் என்று.

அழகான அசைவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இப்போது ஸ்க்ரோலைத் தொடாமலே, வாசிப்பவர் நகர்த்துகிற அளவுக்குப் படமும் கூடவே நகர்கிற மாதிரி, பக்கத்தின் தோற்றத்தை எழுதுகிற சிஎஸ்எஸ் மொழியிலேயே எழுதலாம், 2023-ல் குரோம் 115-ல் வந்த வசதி. அவர் நிறுத்தினால் அதுவும் நிற்கும்.

மலையடிவாரம் அக்கா, கம்பெனிக்குக் கட்டாயம் எழுதுங்கள். பக்கம் பிடிக்கவில்லை என்று எழுதினால் வாடிக்கையாளர் சேவையிலேயே முடிந்துவிடும். இணையத்துக்கான தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டி என்று ஒன்று இருக்கிறது, டபிள்யூசிஏஜி என்பார்கள். அதில் 1.4.4 என்ற விதி, எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் உள்ளடக்கம் காணாமல் போகக் கூடாது என்கிறது. 2.1.1, எல்லாவற்றையும் விசைப்பலகையால் செய்ய முடிய வேண்டும் என்கிறது. 150-ல் ஒரு வரி மறைகிறது, ஸ்பேஸ் பாரும் பேஜ் டவுனும் வேலை செய்யவில்லை என்று இந்த இரண்டு எண்ணையும் போட்டு எழுதினால் அது கட்டுகிறவர் மேசைக்குப் போகும். திரையில் தெரிவதைப் படம் பிடித்து அதையும் இணையுங்கள். மேகமூட்டம் சொன்ன அசைவுக்கும் 2018-ல் வந்த பதிப்பில் 2.3.3 என்று ஒரு விதி சேர்த்தார்கள், ஆனால் அது மிக உயர்ந்த படியில் இருப்பதால் பெரும்பாலோர் அதுவரை போவதில்லை.

அம்மாச்சி பேரன்:

பக்கத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, பேட்டரி பற்றித் தெரியும். எங்கள் அம்மாச்சிக்கு 6 வருடமாக நான்தான் மாற்றிக்கொடுக்கிறேன். அளவுக்கு ஏற்ற நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், எந்தக் கம்பெனி பேட்டரியானாலும் அதேதான்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். கடையில் எண்ணைச் சொல்லத் தெரியாவிட்டாலும் நிறத்தைக் காட்டி வாங்கலாம். ஸ்டிக்கரைப் பிய்த்தால்தான் காற்று உள்ளே போய் பேட்டரி வேலை செய்ய ஆரம்பிக்கும், பிய்த்துவிட்டு சில நிமிடம் வெளியே வைத்துப் பிறகு போடுங்கள். அப்பா விரல் தடித்தவர் என்றால் 312-ஐப் பிடிப்பது சிரமம். 13 அதே அகலம்தான், ஆனால் கனம் அதிகம், கையில் நிற்கும். முடிந்தால் சார்ஜ் போடுகிற வகை பாருங்கள்.

மலையடிவாரம்:

எல்லோருக்கும் நன்றி.

நோட்பேட் வழி வேலை செய்தது. முழுப் பக்கமும் வந்தது, நடுநடுவே பொத்தான்களில் இருக்கிற சொற்களும் கலந்துதான் வந்தன, அதையெல்லாம் அழித்துவிட்டு எழுத்தைப் பெரிதாக்கி அப்பாவிடம் கொடுத்தேன். விரலை வைத்து, ஒவ்வொரு பல்லாக உருட்டி, 20 நிமிடத்தில் இரண்டு மாடலையும் படித்து முடித்துவிட்டார். அந்த மூன்றாவது வரியில்தான் இருந்தது: ஒரு மாடலுக்கு 312, இன்னொன்று சார்ஜ் போடுவது. அம்மாச்சி பேரன் சொன்னதைப் படித்துக் காட்டியதும் தன் கட்டை விரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, சார்ஜ் போடுவதே இருக்கட்டும் என்றார். சார்ஜர் உடைந்தால் தனியாகக் கிடைக்குமா, எத்தனை வருடம் தாங்கும் என்று சீட்டுக்குப் பின்னால் இரண்டு கேள்வி எழுதி வைத்திருக்கிறார்.

150 சதவீத விஷயத்தை அவருக்கு விளக்கினேன். 100-ல் வைத்து அந்த வரி தெரிவதையும், 150-ல் மறைவதையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். மவுஸை என் கையிலிருந்து வாங்கி அவரே மூன்று நாலு தடவை செய்து பார்த்தார். "அப்ப அவங்க யாரும் இப்படி வச்சுப் படிச்சே பாக்கலையா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அப்படியே கடிதத்தில் சேர்த்துவிட்டேன், 1.4.4, 2.1.1 இரண்டையும் போட்டு. 100-லும் 150-லும் எடுத்த படங்களையும் இணைத்திருக்கிறேன். மேகமூட்டம், உங்கள் பெயரைச் சொல்லாமல் 2.3.3 பற்றியும் ஒரு பத்தி எழுதியிருக்கிறேன், தவறாக நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். வியாழக்கிழமை அப்பாவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். கம்பெனியிடமிருந்து பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.